பழந்துறைகளும் படகு யாத்திரையும்

படகில் ஏறி ஒரு பொழுதை இன்பமாய்க் கழிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தார் தீர்மானிப்பார்களானால், அவர்கள் பெரும்பாலும் கடலை நோக்கிப் போவதில்லை. மலையை நோக்கியே போகிறார்கள். ஜான் சல்லிவன் 1820-களில் உதகமண்டலத்தில் அமைத்த ஏரியும், வியர் லெவிஞ்சு 1863-இல் கோடைக்கானலில் அணைகட்டி உண்டாக்கிய ஏரியும், ஏற்காட்டின் சிறிய ஏரியுமே நம்மவர்களுக்குப் படகு என்றவுடன் நினைவுக்கு வருகின்றன. சமவெளியில் ஒகேனக்கல் பரிசலைச் சேர்த்துக்கொண்டால் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையும், அக்கரை நெடுக ஈராயிரம் ஆண்டுச் சரித்திரத்தைத் தாங்கிய துறைமுகங்களும் உடைய ஒரு நாட்டில் இப்படி இருப்பது ஆச்சரியத்துக்குரியது. அத்துறைமுகங்களைக் காண விரும்புகிறவர்கள் இல்லாமலும் இல்லை. பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் மாமல்லபுரத்துக்கும் நாள்தோறும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆயினும் வண்டியில் வந்து இறங்குகிறவர் அங்கே காண்பது ஒரு கோட்டைச் சுவர், ஒரு கோவில், ஓர் அறிவிப்புப் பலகை, அவற்றுக்கு அப்பால் அலையடிக்கும் நீர். கப்பல் எந்த வழியாக வந்தது, எங்கே நங்கூரமிட்டது, சரக்கு எப்படிக் கரையேறிற்று, இந்த இடத்தில் ஏன் ஊர் எழுந்தது, பிறகு ஏன் அழிந்தது என்னும் கேள்விகளில் ஒன்றுக்கும் அவருக்கு விடை கிடைப்பதில்லை. துறைமுகம் என்பது நீரிலிருந்து வருகிறவனுக்காக ஏற்பட்டது. நிலத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது தன் முதுகை மட்டுமே காட்டுகிறது என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

ஆகையால், படகு யாத்திரை என்னும் உல்லாசத்தையும் பழந்துறைகளைக் காணும் ஆர்வத்தையும் ஒன்றாக இணைக்க இயலுமா, இணைத்தால் அத்துறைகளுக்கும் அங்கே வாழும் ஜனங்களுக்கும் அது நன்மையாகுமா, தீமையாகுமா என்பதே இங்கே ஆராயத்தக்க விஷயம்.

முதலில் நம் கரையின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். சோழமண்டலக் கரையில் மலைகள் கடலுக்குள் நீண்டு அரணிட்ட இயற்கைத் துறைமுகம் ஒன்றும் இல்லை. அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அது வடக்கு நோக்கியும், வாடைக்காலத்தில் தெற்கு நோக்கியும் செல்கிறது. ஆற்றில் நீர் வற்றும் மாதங்களில் அந்த மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு போகும். எனவே பண்டைத் தமிழர் துறை அமைத்தது திறந்த கடலோரத்தில் அன்று, ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, கழியின் அமைதியான நீரில் ஆகும். பெரிய கலங்கள் வெளியே நின்றன. சிறு கலங்கள் மணல்திட்டைக் கடந்து உள்ளே வந்தன. ஐரோப்பியர் வந்த பின்னரும் இந்த நிலை மாறவில்லை. சென்னைப்பட்டினத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியே அடிக்காமல் கயிற்றுநாரால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான் ஆளுநரும் இறங்கினார். அரிசி மூட்டையும் இறங்கிற்று. அலை மோதும்போது நொறுங்காமல் வளைந்து கொடுக்கும் அந்தப் படகையும், அதை எந்த அலையின் முதுகில் ஏற்ற வேண்டும், எந்த அலைக்குக் காத்திருக்க வேண்டும் என்று அறிந்த மீனவர்களையும் விட்டால், பெருஞ்செல்வம் படைத்த ஒரு கம்பெனி தன் சொந்தக் கோட்டைக்குள்ளேயே போய்ச் சேர முடியாதிருந்தது. வாடைக்காலப் புயலோ எவருக்கும் இடங்கொடுப்பதில்லை. 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் அடுத்த மாதமே, அக்டோபர்ப் புயலில் சிதறி அழிந்தன. 1875-இல் தொடங்கிக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அரும்பாடுபட்டு எழுப்பிய செயற்கைத் துறைமுகத்தின் கரங்களை 1881 நவம்பரில் ஒரே புயல் உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். அதன் விளைவாகத் தெற்கே மணல் தேங்கி அகன்ற கடற்கரை உண்டாயிற்று. வடக்கே இராயபுரம் முதலிய இடங்களில் கடல் நிலத்தைத் தின்றது.

இந்தச் சுபாவத்தை மனத்தில் கொண்டால் இரண்டு விஷயங்கள் தெளிவாகும். நம் பழந்துறைகளை அணுகும் இயற்கையான வழி திறந்த கடல் அன்று. கழியும் ஆறும் கால்வாயுமே. மேலும், வழிகாட்டத் தகுந்தவர்கள் அக்கழியில் பிறந்து வளர்ந்தவர்களே அல்லாமல் வேறெவரும் அல்லர்.

அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள இவ்விடத்தில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, இத்தாலி நாட்டு அரெட்டைன் மட்கலங்களின் துண்டுகளைக் கண்டு, அவற்றின் காலத்தைக் கொண்டு தென்னாட்டுச் சரித்திரத்தின் ஒரு பகுதிக்கே காலக்கணக்கு அமைத்துக் கொடுத்தார். கசால் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1947 முதல் 1950 வரையிலும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அவ்வேலையைத் தொடர்ந்தார்கள். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் பொதுகே என்று குறிப்பிடும் துறை இதுவே என்பது அறிஞர் பலருடைய கொள்கை. இவ்வளவு கீர்த்தி வாய்ந்த இடத்துக்கு இன்று போகிறவர் ஒரு மாந்தோப்பையும், பிற்காலத்தில் பாதிரிமார் கட்டிய குருமடத்தின் இடிந்த செங்கற்சுவரையும் பார்த்து, இதற்காகவா வந்தோம் என்று திரும்பிவிடுகிறார். ஆனால் அரியாங்குப்பத்து ஆற்றைப் போலவே செஞ்சியாற்றிலிருந்து பிரிந்து ஓடும் மற்றொரு கிளையான சுண்ணாம்பாற்றில், நோணாங்குப்பத்துப் படகுத்துறையில், விடுமுறை நாட்களில் ஜனங்கள் வரிசையில் நின்று படகேறி முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போகிறார்கள்! அவர்களில் எத்தனை பேருக்குத் தாம் உல்லாசமாகப் போகும் கிளைக்கு அடுத்த கிளையில்தான் ரோமாபுரியின் மதுச்சாடிகள் வந்திறங்கின என்று தெரியும்? படகு ஓர் ஆற்றுக்கிளையிலும், சரித்திரம் மற்றோர் ஆற்றுக்கிளையிலுமாகப் பிரிந்து நிற்கும் இந்த நிலையைக் காட்டிலும், நான் சொல்ல வந்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அரிக்கமேட்டை நீரிலிருந்து பார்க்கும்போதுதான், கடலின் சீற்றத்துக்கு எட்டாத அந்த ஆற்று வளைவும், வெள்ளம் ஏறாத அந்த மேடும் கண்ணுக்குப் புலப்பட்டு, இங்கே மணி செய்கிறவர்களும் துணி நெய்கிறவர்களும் வணிகர்களும் ஏன் குடியேறினார்கள் என்பது விளங்கும்.

எல்லாப் பழந்துறைகளையும் படகால் உயிர்ப்பிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் பனைகளுக்கும் நடுவே இருக்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலையே தள்ளிவிட்டது. அங்கே நடந்துதான் பார்க்க வேண்டும். பூம்புகாரின் நிலை இன்னும் துயரமானது. பட்டினப்பாலை பாடிய அந்த மாநகரின் சுங்கத்துறையும் பண்டகசாலையும் கடலிலும் மணலிலும் மறைந்துபோக, கீழையூரில் 1960-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையே நமக்கு எஞ்சிய நேரடிச் சாட்சி. படகைக் கட்டுவதற்காக நட்ட மரக்கம்பங்களின் அடிப்பகுதியும் அதனோடு கிடைத்தது. காவிரியோ கடலை அடையும்போது ஒரு வாய்க்காலாக மெலிந்துவிடுகிறது. இங்கே செயற்கையாக ஒரு குளம் வெட்டிப் படகு விடுவது சரித்திரத்துக்குச் செய்யும் அவமதிப்பு. அழிந்ததை அழிந்ததாகவே காட்டுவதும் ஒரு மரியாதை.

இனி, இவ்விஷயத்தில் மிகுந்த வாய்ப்புடையதாக எனக்குத் தோன்றும் நீர்வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் காக்ரேன் என்பவர் வெட்டத் தொடங்கிய சிறு கால்வாய், பிறகு சர்க்கார் வசமாகி, வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழை ஜனங்களின் உழைப்பால் கூவமும் அடையாறும் இணைக்கப்பெற்று, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைத் தாங்கியது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் சுண்ணாம்புச் சிப்பியும் ஏற்றிய படகுகளைக் கழியூன்றியும், கரையில் நடந்தவாறு கயிறு கட்டி இழுத்தும் கொண்டுபோனார்கள். நீதிமான்களும் உத்தியோகஸ்தர்களும் மாத்திரமல்லாமல் கவிஞர்களும் அதில் சென்றார்கள். சென்னையிலிருந்து நண்பர்களோடு இக்கால்வாயில் படகேறி மாமல்லபுரத்துக்குச் சென்றதைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையில் பாடியிருக்கிறார். படகு யாத்திரையாகவே ஒரு பழந்துறையைக் காணப் போகும் வழக்கம் நமக்கு அந்நியமானது அன்று என்பதற்கு அதைவிட அழகிய ஆதாரம் கிடையாது. 1960-களின் புயல்களால் கால்வாய் சிதைந்தது. லாரிகள் சரக்கைக் கொண்டுபோயின. நகரத்தினுள்ளே சாக்கடை கலந்தது. இறுதியில் பறக்கும் ரயிலின் தூண்களே அதன் நடுவில் நின்றன.

நகரப் பகுதியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. முட்டுக்காட்டிலிருந்து மரக்காணம் வரை உள்ள தென்பகுதியைப் பாருங்கள். முட்டுக்காட்டில் ஏற்கெனவே சர்க்கார் படகுத்துறை ஒன்று இயங்குகிறது. அங்கே வருகிறவர்கள் அக்கழியிலேயே ஒரு வட்டமடித்து இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே கோவளம். ஆர்க்காட்டு நவாபுகள் கோட்டை கட்டித் துறைமுகமாக்கிய அவ்வூர் இன்று அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர் பெற்றிருக்கிறது. மீனவ இளைஞர்களே அவ்வித்தையில் தேர்ந்து பிறருக்குக் கற்பிக்கும் ஆசான்களாயிருக்கிறார்கள் என்பது மனத்துக்கு மகிழ்ச்சி தருவது. அதன் தெற்கே மாமல்லபுரம். அதைப் பழைய ஐரோப்பிய மாலுமிகள் ஏழு கோவில்கள் என்றே அழைத்தார்கள். கடலிலிருந்து பார்த்தவர்களே அதற்கு அப்பெயரை இட்டார்கள். குன்றின் மேலுள்ள பல்லவர் கோவிலொன்றின் உச்சியிலேயே முன்பு கலங்கரை விளக்கு எரிந்தது. அடுத்தது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரரின் செங்கற்கோட்டையும் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. அணுமின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் அவ்விடத்தில் படகுக்குக் கட்டுப்பாடுகள் அவசியமாகும். இன்னும் தெற்கே இடைக்கழிநாட்டில் ஆலம்பரைக் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட அக்கோட்டையின் செங்கற்சுவர்கள் கழியின் விளிம்பில் நிற்கின்றன. கடைசியில் உப்பளங்கள் வெண்மையாய்ப் பரந்து கிடக்கும் மரக்காணம். பெரிப்ளூஸ் நூல் சொல்லும் சோபட்மா இதுவே என்று கருதுவோர் உண்டு.

பல்லவர், நவாபு, டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் ஆகிய இத்தனை பேருடைய துறைகளையும் ஒரே நீர்வழியில், அலையின் பயமின்றி, மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே ஒருவன் கண்டுபோகக்கூடிய இடம் இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது? இது கனவு என்று சொல்வோருக்கு இங்கிலாந்தைக் காட்டலாம். அங்கே கால்வாய் வர்த்தகம் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1944-இல் ரோல்ட் என்பவர் தாம் ஒடுக்கமான சரக்குப் படகில் குடியிருந்து கால்வாய்களில் சென்றதை ஒரு நூலாக எழுதினார். அதைப் படித்த ஏய்க்மன் முதலியோர் 1946-இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். சாதாரண ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டி எடுத்து இறங்கிச் சேற்றை வாரினார்கள். சிதைந்து கிடந்த கென்னெட்–ஏவன் கால்வாய் பல்லாண்டு உழைப்பின் பின் 1990-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அக்கால்வாயின் மேற்கு முனையிலுள்ள பிரிஸ்டல் நகரமும் இதற்கொரு பாடம். மிகுந்த ஏற்றவற்றமுள்ள ஏவன் ஆற்றில் கப்பல்கள் சேற்றில் அமர்ந்துபோகாதபடி ஜெஸ்ஸப் என்னும் பொறியாளர் 1809-இல் மதகுகளால் நீரைத் தேக்கி அமைத்த துறைமுகம், 1975-இல் வர்த்தகத்துக்கு மூடப்பட்டது. ஆனால் 1843-இல் அங்கேயே கட்டி மிதக்கவிட்ட கிரேட் பிரிட்டன் என்னும் இரும்புக் கப்பலைப் பாக்லாந்துத் தீவிலிருந்து 1970-இல் இழுத்துவந்து, பிறந்த துறையிலேயே வைத்து, ஜனங்கள் படகில் வந்து பார்க்கும்படி செய்தார்கள். வேலைக்காக வெட்டிய நீர்வழி வேலை போன பின்பும் வாழலாம் என்பதற்கு இவை போதிய அத்தாட்சி. ஆயினும் அங்கே முதலில் நடந்தது தூர் வாரியதும் மதகு சீர்செய்ததும்; படகு பிறகு வந்தது. இங்கே நாம் அந்த முறையைத் தலைகீழாக்கிவிடக் கூடாது.

தெற்கே இன்னொரு நீர்வெளி உண்டு. அது கால்வாய் அன்று, கழிகளின் பின்னல். வெள்ளாற்றின் வடகரையிலே பரங்கிப்பேட்டை. கொள்ளிடத்தின் தென்கரையிலே பழையாறு. இவ்விரண்டுக்கும் இடையே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. பிச்சாவரம் எல்லாருக்கும் தெரியும். 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படம் அதை நாடறியச் செய்தது. பரங்கிப்பேட்டையை எத்தனை பேர் அறிவார்கள்? மரக்காயர்களின் கலங்கள் மலாய் நாட்டுக்கும் சுமத்ராவுக்கும் அங்கிருந்து துணி கொண்டுபோயின. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பண்டகசாலை வைத்தார்கள். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் அதன் பக்கத்தில் பெரும்போர் செய்தார்கள். 1830-களில் இரும்பு ஆலை ஒன்று அங்கே எழுந்தது. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிர் ஆய்வு நிலையம் வெள்ளாற்றின் முகத்தருகே இருக்கிறது. நடுவிலுள்ள கிள்ளைக் கடற்கரைக்கு மாசிமகத்தன்று திருமுட்டத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, அவ்வூர் முஸ்லிம் ஜனங்கள் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். கடலையும் வர்த்தகத்தையும் பல தலைமுறை பகிர்ந்துகொண்ட ஊர்களுக்கு இத்தகைய வழக்கங்கள் இயல்பாகவே அமைகின்றன.

காட்டைப் பற்றியும் சில சொல்ல வேண்டும், ஏனெனில் துறையைக் காண்பவர் அதைக் காத்த மரங்களையும் காண வேண்டும். மூச்சுவேர்களை மேலே நீட்டும் வெண்கண்டலும், வளைந்த கால்வேர்கள் ஊன்றிய சுரபுன்னையும், சிதம்பரத்துக்குத் தலமரமான, பால் பட்டால் கண் எரியும் தில்லையும் இங்கே வளர்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் மொத்தமாக வெட்டியதால் நடுவே நிலம் தாழ்ந்து, ஏற்றநீர் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காத திட்டுகள் உண்டாயின. 1990-களில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்தாரும் சேர்ந்து மீன் முள்ளைப் போன்ற அமைப்பில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றவற்ற நீரை உள்ளே பாயவிட்டதும் காடு திரும்பி வந்தது. 2004 ஆழிப்பேரலையில் காட்டின் பின்னிருந்த கிராமங்கள் தப்பியதாக ஆய்வாளர் சிலர் எழுத, அதற்குத் தூரமும் நில உயரமுமே பெரிய காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். அவ்விவாதம் எப்படி முடிந்தாலும், அங்கே மரத்தை வெட்டி வழியை அகலப்படுத்த ஒருவரும் துணியக் கூடாது. ஒடுக்கமான ஓடைகளில் கிளைகள் தலைக்குமேல் கவிந்து, துடுப்பின் ஓசையன்றி வேறோசை இல்லாமல் போவதே அவ்விடத்தின் பெருமை. விசைப்படகு ஓடும் அகன்ற பாதையில் போய்த் திரும்புகிறவர்கள் அதன் பாதியைக்கூடக் கண்டவர்கள் ஆகமாட்டார்கள்.

தரங்கம்பாடியும் நாகப்பட்டினமும் வேறு வகை. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டையும், சீகன்பால்கு பாதிரியார் 1706-இல் வந்திறங்கிய கரையும், 1306-இல் பாண்டியர் காலத்தில் எழுந்து இன்று கடல் தின்றுகொண்டிருக்கும் மாசிலாமணிநாதர் கோவிலும் திறந்த அலைக்கு நேரே நிற்கின்றன. அங்கே கரையிலிருந்து நடந்து பார்ப்பதே விவேகம். 1861-இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போன பிறகு தரங்கம்பாடியின் வர்த்தகமும் அத்திசையே போயிற்று. நாகையோ ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்தின் ஊர். 2023 அக்டோபரில் அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பிரயாணிக் கப்பல் தொடங்கியபோது, நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் இருகரைத் தமிழர்க்கும் ஒரு கதவு திறந்ததென்று மகிழ்ந்தோம். வாடை வந்தவுடன் சில நாட்களிலேயே அது நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் முன் லா பூர்தொனேயின் கப்பல்களைக் கலைத்த அதே காற்று இன்றும் தன் பருவத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இவ்வளவு ஆதரித்துப் பேசிய நான், எதிர்ப்பக்கத்தையும் அதே மனப்பூர்வத்தோடு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கேரளத்தில் 1990-களில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களுக்குப் பிழைப்புப் போனபோது, அவற்றின்மேல் கூரை வேய்ந்து, அறை அமைத்து, வீட்டுப்படகாக்கினார்கள். கயிறு கொண்டு பலகை தைக்கும் அருங்கலை ஒரு காலத்துக்கு அதனால் பிழைத்தது உண்மை. ஆனால் ஆலப்புழையில் படகுகள் பெருகிப் பெருகி, வேம்பநாட்டு ஏரியில் எண்ணெயும் கழிவும் கலந்து, அந்நீரையே குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்திய கரையோர ஜனங்கள் துன்பப்பட்டார்கள். கழிக்கரையில் வாழ்கிறவர்களுக்கு நீர் வாசற்படி. அந்த வாசற்படியில் அந்நியர் கூட்டங்கூட்டமாய் ஏறி இறங்கினால் அது உல்லாசமாகாது, ஆக்கிரமிப்பாகும். இதற்கு மாறாக, அதே கேரளத்தில் பழந்துறையான முசிறியின் பெயரால் அமைந்த திட்டத்தில் பறவூர், கொடுங்கல்லூர்ப் பகுதியின் பழைய தலங்களைப் படகுத்துறைகளால் இணைத்தார்கள். நம் கரைக்கு ஏற்ற மாதிரி அதுவே என்று நினைக்கிறேன்.

உயிருக்கு நேரும் அபாயத்தைப் பற்றி மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2009-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து மாண்டவர்கள் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் இருபதுக்கும் மேற்பட்டோர்; டச்சுக்காரரின் கல்லறைகளும் பூநாரைகளும் ஜனங்களை ஈர்க்கும் அதே ஏரியில், உல்லாசமாகப் போன குடும்பங்கள். 2023-இல் மலப்புரத்துத் தானூரில் 22 பேர். அவர்களில் குழந்தைகள் பலர். பெருங்கடற்புயலில் நேர்ந்தவையல்ல இவை. விடுமுறை நாளின் கூட்டத்தில், அளவுக்கு மேல் ஆளேற்றியதாலும், மீன்பிடி படகை மாற்றிக் கட்டியதாலும், மிதவை அங்கி இல்லாததாலும் நேர்ந்தவை. 1917-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் துறைப்படியில் நிற்பதில்லை. துறைப்படியில் நிற்பவர், போதும், இனி ஏறாதீர்கள் என்று சொல்லத் துணிகிற ஒரு மனிதர்தான். அப்படிச் சொல்வதால் அவருடைய அன்றைய கூலி குறையாதபடி நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் படகு நிறைந்து வழியும்; நாளுக்கு இவ்வளவு என்று பேசினால் வழியாது.

அம்மனிதர் யார் என்பதே எனக்கு இவ்விஷயத்தில் முக்கியமான கேள்வி. கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்கோட்டில் வைத்துத் தன் இடத்தை அறிகிறவரும், கச்சான் காற்றையும் கொண்டல் காற்றையும் முகத்தில் படும்போதே பிரித்துணர்கிறவரும், நீவாடு என்னும் கடல்நீரோட்டம் மாறும் வேளையை அறிந்தவரும், முகத்துவாரம் போன மாதம் எங்கே இருந்தது, இப்போது எங்கே நகர்ந்தது என்று சொல்லக்கூடியவரும் அந்தந்த ஊர் மீனவரே. எங்கிருந்தோ வந்த முதலாளி படகை வாங்கி, உள்ளூர்க்காரரைக் கூலிக்குத் துடுப்புப் போடச் சொல்வது முறையன்று. படகு அவர்களுடைய சங்கத்துக்குச் சொந்தமாயிருக்க வேண்டும். கதையும் அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டுப் பூங்குழலியின் கோடிக்கரையைத் தேடிப் போகும் இளைஞர்களுக்கு, அங்கே மெய்யாகவே படகு செலுத்தும் பெண்களும் ஆண்களும் சொல்லும் அனுபவம் எந்த அறிவிப்புப் பலகையையும்விடப் பெரிது. சாகசம் விரும்புகிறவர்களுக்கும் இதில் குறைவில்லை. தனித்துடுப்புக் கயாக்கில் கழிகளைக் கடப்பதும், ஏற்றநீரோடு உள்ளே போய் வற்றநீரோடு திரும்பக் கணக்கிடுவதும், மணல்திட்டில் இறங்கிப் படகைத் தோளால் தள்ளுவதும் உடலையும் அறிவையும் ஒருங்கே சோதிப்பவை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஆலம்பரைக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட கால்வாய்ப் பகுதியிலும், பரங்கிப்பேட்டை–கிள்ளை–பிச்சாவரக் கழிகளிலும் தொடங்கலாம். முன்னது தூர் வாரவும் இறங்குபடி கட்டவும் பணம் கேட்கும். பின்னதற்குப் பெரும்பாலும் ஒழுங்கே தேவை. தை முதல் பங்குனி வரை நீரும் காற்றும் அடங்கி, பறவைகளும் இருக்கும் காலம் யாத்திரிகர்களுக்கு உகந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடையுள்ள நாட்களில், வருமானமின்றிக் கரையில் இருக்கும் தொழிலாளர்களுக்குக் கழியில் அதிகாலையிலும் மாலையிலும் படகு செலுத்தும் வேலையை முறைவைத்துக் கொடுக்கலாம். நண்பகல் வெயிலில் ஓட்டத் தேவையில்லை. ஐப்பசி பிறந்ததும் படகுகளைக் கரையேற்றிவிட வேண்டும். அந்த மூன்று மாதமும் பலகை மாற்றுவதற்கும், வெள்ளம் உடைத்துவிட்டுப் போன முகத்துவாரத்தைப் புதிதாக அளந்து குறித்துக்கொள்வதற்கும் வேண்டியிருக்கும்.